‘உள்ளூர் ஆள்’ யார்? சாட்ஸ்வொர்த் வடிகால் வேலை ஒன்றின் நிகழ்வு ஆய்வு

2023 ஜூலை மாதம், ஒரு திங்கட்கிழமை காலை ஏழு மணி இருக்கும். வேலைத் தளத்தின் கேட்டுக்குக் குறுக்கே மூன்று பேக்கிகள் நின்றன. பேக்கி என்பது பின்பக்கம் திறந்த சிறு சரக்கு வண்டி; தென்னாப்பிரிக்காவின் டர்பனில் மேஸ்திரி முதல் பூசாரி வரை அதில்தான் போவார்கள். இறங்கிய பன்னிரண்டு பேர் யாரையும் அடிக்கவில்லை, ஏசவும் இல்லை. ஒருவர் மட்டும் அமைதியாகக் கேட்டார்: “முப்பது சதவீதம் பற்றி யாரிடம் பேச வேண்டும்?” அதன் பிறகு பதினோரு வேலை நாள் எங்கள் தோண்டும் இயந்திரம் நின்ற இடத்திலேயே நின்றது.

அந்த வேலையில் நான் ஆலோசனை நிறுவனத்தின் தள மேற்பார்வையாளன். திருநெல்வேலியிலிருந்து வந்தவன், டர்பனில் பல வருஷமாகக் குழாயும் வடிகாலுமாகப் பிழைப்பு. பேக்கிக்காரர்கள் கதையைத்தான் நண்பர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். கோப்புகளைப் புரட்டிப் பார்த்தால், அவர்கள் வருவதற்கு எட்டு மாதம் முன்பே கோளாறு டெண்டர் புத்தகத்தில் ஏறியிருக்கிறது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். துறை, ஒப்பந்ததாரர், வார்டு எதற்கும் பெயர் போடவில்லை.

சரிவும் எல்லைக் கோடும்

2022 ஏப்ரல் 11, 12 தேதிகளில் கொட்டிய மழையில் டர்பன் இருக்கும் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் நானூறு பேருக்கு மேல் இறந்தார்கள். டர்பனுக்கு வடக்கே டோங்காட்டில் குடிநீர் நிலையமே சேதமாகி, ஊர் மாதக்கணக்கில் லாரித் தண்ணீரில் ஓடியது. டர்பனின் புறநகரான சாட்ஸ்வொர்த் மேடும் பள்ளமுமான ஊர். இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தின் கீழ் 1960களில் இந்தியர்களுக்கென்று ஒதுக்கி, மலைச்சரிவுகளில் வரிசை வரிசையாகக் கட்டிய வீடுகள். ஒரு சரிவில் மழைநீர்க் குழாய் உடைந்து, மண்ணோடு பாதி நடைபாதையும் கீழே போய்விட்டது. எங்களுக்கு வந்த வேலை அதைச் சரிசெய்வது: சுமார் 600 மீட்டர் வடிகால், கீழ்ப்பகுதியில் கல் நிரப்பிய கம்பிக்கூடைச் சுவர், மேலே நடைபாதை. மொத்த மதிப்பு ஒரு கோடி ரேண்டுக்கும் குறைவு. பொதுப்பணம்.

சரிவின் மேலே அடுக்குமாடி வீடுகள். தமிழ், தெலுங்கு, இந்திக் குடும்பங்கள். நடுவில் சின்ன மாரியம்மன் கோவில். கீழே ஓடையை ஒட்டித் தகரக் குடிசைகள். சுலு பேசுகிற கறுப்பினத்தவர்கள், பக்கத்து மாகாணமான ஈஸ்டர்ன் கேப்பிலிருந்து பிழைக்க வந்த கோசா மொழிக்காரர்கள். வெள்ளத்தில் வீடு இழந்தவர்கள் பெரும்பாலும் கீழே இருப்பவர்கள்தான். வார்டு எல்லையோ சரியாக அந்த ஓடையில் போகிறது. அதாவது ஓடையின் இந்தக் கரையில் இருக்கும் குடிசை ‘உள்ளூர்’. நாலு எட்டு தாண்டினால் ‘வெளியூர்’.

டெண்டர் புத்தகத்தில் இருந்தது ஒரே ஒரு வரி. பயிற்சி தேவையில்லாத வேலைக்கு உள்ளூர்ச் சமூகத்திலிருந்து ஆள் எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு நின்றுவிட்டது. உள்ளூர் என்றால் வார்டா, ஒரு கிலோமீட்டர் சுற்றளவா, வெள்ளம் பாதித்த வீடுகளா? பட்டியல் யார் போடுவது, எந்தத் தேதிக்குள்? ஒன்றும் இல்லை. கான்கிரீட்டின் வலிமையை அதே புத்தகம் மெகாபாஸ்கலில் சொல்கிறது. கம்பிக்கூடையின் கம்பி எத்தனை மில்லிமீட்டர் தடிமன் என்று சொல்கிறது. சண்டை வரப்போகும் இடத்தை மட்டும் காலியாக விட்டிருந்தது.

மூன்று பட்டியல்

முதல் பட்டியல் வார்டு கவுன்சிலர் அலுவலகத்திலிருந்து வந்தது. முப்பது பேர், தட்டச்சு செய்த தாள். இரண்டாவது, கீழே குடிசைப் பகுதிக் குழுவிலிருந்து, நோட்டுப் புத்தகத்தில் கிழித்த இரண்டு தாள். மூன்றாவது பேக்கிகளில் வந்தது.

அந்த முப்பது சதவீதம் எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைச் சட்டம் என்றே இங்கே பலர் நம்புகிறார்கள். 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த அரசு கொள்முதல் விதிகளில் ஒரு பிரிவு இருந்தது. 3 கோடி ரேண்டுக்கு மேற்பட்ட ஒப்பந்தத்தில், முடியுமானால், குறைந்தது 30 சதவீதத்தைக் கறுப்பினத்தவர், பெண்கள், இளைஞர் போன்றோர் வைத்திருக்கும் சிறு நிறுவனங்களுக்குத் துணை ஒப்பந்தமாகக் கொடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். பக்கத்துத் தெருக்காரருக்குப் பணமாகக் கொடு என்று அதில் எங்கும் இல்லை. 2022 பிப்ரவரியில் அரசியலமைப்பு நீதிமன்றம் அந்த விதிகள் செல்லாது என்றது. 2023 ஜனவரி 16 முதல் நடைமுறைக்கு வந்த புதிய விதிகளில் அந்தப் பிரிவே கிடையாது. ஆக, எங்கள் கேட்டில் பேக்கி நின்றபோது விதி செத்து ஆறு மாதம். உயிரோடு இருந்திருந்தாலும் எங்கள் வேலை அதன் வரம்புக்குள் வராது. ஆனால் 2010களின் நடுவில் டர்பனை அடுத்த உம்லாசிப் பக்கம் தொடங்கி, தளத்தை மறித்துப் பங்கு கேட்பது நாடு முழுக்கப் பரவிவிட்டது. ‘கட்டுமான மாஃபியா’ என்று பத்திரிகைகள் எழுதின. 2024 நவம்பரில் பொதுப்பணி அமைச்சர் டீன் மக்ஃபர்சன் டர்பனிலேயே ஒரு மாநாடு கூட்டி, குற்றமில்லாத கட்டுமானத் தளம் என்று பிரகடனம் போடுகிற அளவுக்கு.

எங்கள் தளத்தில் அது எப்படி முடிந்தது? பணம் கொடுக்கவில்லை. காவல்துறையும் நகராட்சித் திட்ட மேலாளரும் வந்தார்கள். கூட்டம் நடந்தது. வந்தவர்களில் யாரிடம் சி.ஐ.டி.பி. பதிவு இருக்கிறது என்று கேட்டோம். அது கட்டுமான ஒப்பந்ததாரர்களைத் தரம் 1 முதல் 9 வரை பிரிக்கும் வாரியம். தரம் 1-இல் 5 லட்சம் ரேண்ட் வரை வேலை எடுக்கலாம். இரண்டு பேர் கார்டை எடுத்து நீட்டினார்கள். அதில் ஒருவர் பதிவு செய்து நான்கு வருடத்தில் ஒரு வேலைகூடக் கிடைக்காதவர். ஒப்பந்ததாரர் கம்பிக்கூடைக்குக் கல் இறக்கும் வேலைக்கு விலைப்புள்ளி கேட்டார், அவரும் கொடுத்தார், மற்றவர்களோடு போட்டியிட்டு வாங்கினார். மற்ற பத்துப் பேரும் அடுத்த தளம் பார்த்துப் போயிருப்பார்கள். அந்தப் பன்னிரண்டு பேரையும் ஒரே சொல்லில் ரவுடிகள் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. கார்டு நீட்டிய கை எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

தாத்தா சொன்னது

கூட்டம் நடந்தது மாரியம்மன் கோவில் மண்டபத்தில். கோவில் அறங்காவலர் ஒருவர், எண்பதைத் தாண்டியவர், பழைய டர்பன் தமிழில் பேசுவார். என்னிடம் தமிழில் பேச ஆள் கிடைத்ததில் அவருக்குச் சந்தோஷம். “எங்க அப்பா கார்ப்பரேசன்ல ரோட்டு வேலெ, தம்பி. பேரக்ஸ்ல ஒரு ரூம்பு. அப்பவே இந்தச் சண்டெதான், யாரு லோக்கலுன்னு” என்றார்.

அவர் சொன்ன பேரக்ஸ், மேகசின் பேரக்ஸ். டர்பன் மாநகராட்சி தன் இந்தியத் தொழிலாளர்களுக்கு 1880களில் போட்ட குடியிருப்பு. பெரும்பாலும் தமிழும் தெலுங்கும். ரோடு போட்டது, குப்பை அள்ளியது, சாக்கடை வெட்டியது எல்லாம் அவர்கள்தான். 1924-இல் பிரதமர் ஹெர்ட்சாக் தலைமையில் வந்த கூட்டணி அரசு ‘நாகரிக உழைப்பு’ என்று ஒரு கொள்கை கொண்டுவந்தது. ரயில்வேயிலும் அரசுப் பணிகளிலும் கறுப்பரையும் இந்தியரையும் எடுத்துவிட்டு, ஏழை வெள்ளையர்களைக் கூடுதல் சம்பளத்தில் வைப்பது. நட்டால் ரயில்வேயில் இந்தியர் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது அப்போதுதான். பொதுப்பணத்தில் நடக்கும் வேலைக்கு ‘நம்ம ஆள்’ யார் என்று அரசாங்கமே கோடு போட்ட காலம். பிறகு 1960களில் பேரக்ஸைக் காலி செய்து, அந்தக் குடும்பங்களை இதே சாட்ஸ்வொர்த்துக்குக் கொண்டுவந்து இறக்கினார்கள்.

இதை நான் கூட்டத்தில் சொல்லவில்லை. 2021 ஜூலைக் கலவரத்தில் இந்தியர்கள் அதிகம் வாழும் ஃபீனிக்ஸ் பக்கம் கறுப்பர்கள் கொல்லப்பட்ட பிறகு, மேலே இருப்பவர்களும் கீழே இருப்பவர்களும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்ததே பெரிய விஷயம். வரலாறு பேசினால் யாராவது எழுந்து போய்விடுவார்கள்.

குடமும் பக்கெட்டும்

கூட்டத்தில் முடிவானது இது. வார்டுக் கோட்டை விட்டுவிட்டு, தண்ணீரை எல்லையாக வைத்துக்கொள்வது: யார் வீட்டுக் கூரை மழை இந்தக் குழாய்க்கு வந்து சேருகிறதோ, அல்லது இந்தக் குழாய் உடைந்து யார் வீட்டில் தண்ணீர் புகுந்ததோ, அவர்கள் எல்லாம் உள்ளூர். வரைபடத்தில் நீர்ப்பிடிப்புக் கோட்டை நான்தான் வரைந்தேன். ஓடையின் அக்கரைக் குடிசைகளும் உள்ளே வந்தன. பக்கத்து வார்டு கவுன்சிலரும் கையெழுத்துப் போட வேண்டியதாயிற்று. அதற்கு மட்டும் ஒரு வாரம்.

மொத்தம் 140 பெயர் வந்தது. இடமோ 24. குலுக்கல் போடுவது என்று முடிவு. கேப் டவுன் மாநகராட்சி இப்படி வேலை கேட்டுப் பதிந்தவர்களிலிருந்து சீட்டெடுக்கிற மாதிரித்தான் ஆளெடுக்கிறது. எங்களுக்குக் கணினி இல்லை, கோவில் பித்தளைக் குடமும் ஒரு நீலப் பெயிண்ட் பக்கெட்டும் இருந்தன. வேலையில்லாதவர்களுக்குக் குறுகிய கால வேலை தரும் அரசின் விரிவுபடுத்திய பொதுப்பணித் திட்டம் 60 சதவீதம் பெண்கள் வேண்டும் என்கிறது. அதனால் பெண்கள் பெயர் குடத்தில், ஆண்கள் பெயர் பக்கெட்டில். ஏறக்குறைய அந்தக் கணக்கில் 14 சீட்டு, 10 சீட்டு.

சீட்டை எடுத்தது பள்ளிச் சீருடையில் இருந்த ஒரு சிறுமி. படித்தது சி.எல்.ஓ.க்கள் இருவர். சி.எல்.ஓ. என்றால் சமூகத்துக்கும் தளத்துக்கும் நடுவில் நிற்கும் தொடர்பு அலுவலர். முதலில் கவுன்சிலர் அலுவலகம் ஒருவரைக் கொடுத்திருந்தது, இந்தக் கூட்டத்துக்குப் பிறகு மேலே இருந்து ஒரு பெண், கீழே இருந்து ஒரு பெண் என்று மாற்றினோம். கவெண்டர், மூட்லி, நைடூ என்று இங்கே எழுதப்படும் நம்ம கவுண்டரும் முதலியாரும் நாயுடுவும், முகீசே, ட்லாமினி என்ற சுலுக் குடும்பப் பெயர்களோடு ஒரே குடத்தில் கிடந்து வெளியே வந்தார்கள். 24 முடிந்ததும் நிறுத்தவில்லை. மீதிச் சீட்டு எல்லாவற்றையும் எடுத்து, வரிசை எண் போட்டோம். யாராவது நின்றுவிட்டால் அடுத்த எண். அந்தத் தாள் கோவில் பலகையிலும் கீழே ஸ்பாசா கடை என்று சொல்லும் பெட்டிக்கடைச் சுவரிலும் ஒட்டப்பட்டது. முதல் வாரத்தில் ஐந்து பேர் நின்றுபோனார்கள். 25-ஆம் எண்ணிலிருந்து கூப்பிட்டோம், ஒருவரும் சத்தம் போடவில்லை. என்னைக் கேட்டால் இந்த வேலையில் உருப்படியாகச் செய்த ஒரே காரியம் அந்த வரிசை எண்தான்.

முறுமுறுப்பு இல்லாமல் இல்லை. 24-இல் 15 பேர் கீழே, 9 பேர் மேலே. “வெளியாளுங்களெக் கொண்டுவந்துட்டீங்களே” என்று ஒரு அக்கா என்னிடம் சண்டைக்கு வந்தார். 140 பெயரில் மேலிருந்து வந்தது 40 தான். அதைப் பார்த்தால் 9 என்பது பங்குக்கு மேலேயே. மண்வெட்டி வேலைக்கா என்று பிள்ளைகள் பெயர் கொடுக்கவில்லை, அப்புறம் குழி வெட்டுவதை பால்கனியிலிருந்து பார்த்தபோது மனசு கேட்கவில்லை. நம்மவர்களிடம் உள்ள இந்தக் குணம் திருநெல்வேலியிலும் உண்டு, சாட்ஸ்வொர்த்திலும் உண்டு.

ஒரே குழி, இரண்டு சம்பளம்

முதல் சம்பள நாளில் அடுத்த பிரச்சினை. 2023 மார்ச் முதல் நாட்டின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 25.42 ரேண்டாக இருந்தது. பொதுப்பணித் திட்டத்தில் சேர்க்கப்பட்ட எங்கள் 24 பேரைப் போன்றவர்களுக்கு மட்டும் சட்டமே வேறு அளவு வைத்திருந்தது: 13.97. எட்டு மணி நேரத்துக்கு முன்னது 203 ரேண்ட், பின்னது 112. ஒப்பந்ததாரரின் நிரந்தர ஆட்கள் அதே குழியில், முதலாளிகளும் தொழிற்சங்கங்களும் சேர்ந்த தொழில் மன்றம் நிர்ணயித்த இன்னும் கூடுதலான கூலிக்கு நிற்கிறார்கள். உள்ளூர்க்காரர்கள் சம்பளச் சீட்டை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இரண்டு நாள் வேலை நின்றது.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு நூறு நாள் வேலை நினைவுக்கு வரலாம். ஆனால் 2005-இல் வந்த அந்தச் சட்டம் வேலை கேட்பதை உரிமையாக்கியது, ஒப்பந்ததாரரைத் தள்ளி வைத்தது. தென்னாப்பிரிக்காவில் 2004-இல் தொடங்கிய திட்டத்துக்கு இலக்கு உண்டு, உரிமை கிடையாது. ஐந்து வருடத்தில் பத்து லட்சம் வேலை வாய்ப்பு என்று ஆரம்பித்தார்கள். நடுவில் லாபம் பார்க்க வேண்டிய ஒப்பந்ததாரர் நிற்கிறார். அவரிடம் ‘ஆளை வை’ என்றால் கணக்குப் பார்க்கத்தான் செய்வார்.

நானும் கணக்குப் பார்த்தேன். 24 பேர், 80 நாள், ஆளுக்கு ஒரு நாள் வித்தியாசம் 91.60 ரேண்ட்: சுமார் 1 லட்சத்து 76 ஆயிரம். பதினோரு நாள் இயந்திரம் சும்மா நின்றதற்கு ஒப்பந்ததாரர் அனுப்பிய கோரிக்கையும் ஏறக்குறைய அதே தொகை. கூலியை உயர்த்த நகராட்சியிடம் கேட்டுப் பார்த்தோம். டெண்டரில் இல்லாத விலையை நடுவில் மாற்ற முடியாது என்று பதில். சரி, வேறு வழி: அளந்து கொடுக்கும் வேலை. காலையில் ஆளுக்கு இவ்வளவு என்று குச்சி நட்டுக் காட்டிவிடுவது; முடித்தால் வீட்டுக்குப் போகலாம், முழு நாள் கூலி. அளவை நியாயமாக வைத்ததால் பெரும்பாலோர் பன்னிரண்டு மணிக்கெல்லாம் கை கழுவினார்கள். பிள்ளைகள் உள்ள பெண்கள் இதைத்தான் விரும்பினார்கள். கம்பிக்கூடை அடுக்குகிறவர்களுக்கு மட்டும் பாதித் தேர்ச்சி பெற்றவர் என்ற விலை இருந்தது, அதில் கொடுத்தோம்.

வேலை எண்ணிக்கை எங்கே தீர்மானமாகிறது

இதுதான் என் தொழில் சம்பந்தப்பட்ட பகுதி, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். பொதுப்பணித் திட்டத்தின் பொது விவரக்குறிப்பில் சில எண்கள் இருக்கின்றன. 1.5 மீட்டருக்குக் குறைவான ஆழமுள்ள குழியில் கையால் தோண்டக்கூடிய மண்ணைக் கையால்தான் தோண்ட வேண்டும். 150 மீட்டருக்குள் மண் கடத்துவது தள்ளுவண்டியில். ஆட்கள் தூக்கி வைக்கும் எந்தப் பொருளும் 320 கிலோவைத் தாண்டக் கூடாது. இப்படிச் செய்ய வேண்டிய வேலைகளுக்கு அளவுப் பட்டியலில் தனிக் குறி போட்டிருப்பார்கள்.

எங்கள் வரைபடத்தில் மேல்பகுதி முழுக்க 450 மில்லிமீட்டர் கான்கிரீட் குழாய், இரண்டு மீட்டருக்கு மேல் ஆழம். குழாய் ஒன்று 320 கிலோவைத் தாராளமாகத் தாண்டும். ஆக அந்த நீளம் முழுவதும் இயந்திரத்துக்குப் போய்விட்டது. அதையே ஆழமில்லாத, கல் பதித்த திறந்த வாய்க்காலாகப் போட்டிருந்தால் ஆள்நாள் இரண்டு மடங்குக்கு மேல் வந்திருக்கும். அந்தச் சரிவில் போட்டிருக்கவும் முடியும். வரைந்தது எங்கள் அலுவலகம்தான். வரைந்தவர் ஆளைப் பற்றி யோசிக்கவில்லை, யோசிக்கச் சொல்லி யாரும் கேட்கவுமில்லை. கவுன்சிலரும் பேக்கிக்காரர்களும் அடித்துக்கொண்ட 24 இடம், ஒரு வருடம் முன்பு ஒரு மேஜையில் சுருங்கிய 24 இடம்.

கம்பிக்கூடைப் பகுதியில் மட்டும் வேலை வேலையாக இருந்தது. கூடைக்குள் கல்லைக் கொட்டினால் போதாது. வெளிப்பக்கம் தட்டையான முகம் வர வேண்டும், இடையில் கைமுஷ்டி நுழையும் சந்து இருக்கக் கூடாது, பாதி நிரம்பியதும் குறுக்குக் கம்பி கட்ட வேண்டும், இல்லாவிட்டால் வயிறு தள்ளிவிடும். ரோட்டோரம் சோளக்கதிர் சுட்டு விற்றுக்கொண்டிருந்த ஒரு அம்மா, கீழ்க்கரைக்காரர், மூன்றாவது வாரத்தில் எல்லோரையும் மிஞ்சிவிட்டார். ஒரு கல்லைக் கையில் எடுத்து இரண்டு முறை திருப்புவார், மூன்றாவது முறை அது உட்கார்ந்துவிடும். ஃபோர்மேன் மற்றவர்களைப் பக்கத்தில் நிறுத்திப் பார்க்கச் சொன்னார்.

அந்த நேரத்தில்தான் கவுன்சிலர் அலுவலகத்திலிருந்து, நாலு வாரத்துக்கு ஒரு முறை ஆட்களை மாற்றுங்கள், நிறையப் பேருக்கு வேலை போகட்டும் என்று கடிதம். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் 2014 கட்டுமான ஒழுங்குவிதிகளின்படி ஒவ்வொருவருக்கும் உடல் தகுதிச் சான்று வேண்டும், பூட்ஸ், ஹெல்மெட், பாதுகாப்பு வகுப்பு. ஆள் மாறும்போதெல்லாம் அத்தனையும் மறுபடி. கை பழகும் நேரத்தில் அவரை அனுப்பிவிட வேண்டும். மறுத்தோம். இதே மாகாணத்தின் போக்குவரத்துத் துறை 2000-இலிருந்து நடத்தும் சிபாம்பேலே திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஒரு சாலைத் துண்டு என்று பராமரிக்கக் கொடுத்துவிடுகிறார்கள். பெரும்பாலும் பெண்கள் நடத்தும் ஏழைக் குடும்பங்கள், மாதத்தில் சில நாள் வேலை, அதே துண்டு, அதே ஆள். பெரிய காசு இல்லைதான். ஆனால் ரோட்டுக்கு யார் பொறுப்பு என்று யாரும் கேட்க வேண்டியதில்லை.

வேலை 2023 டிசம்பர் விடுமுறைக்கு முன்பு முடிந்தது, ஐந்து வாரத் தாமதத்தோடு. 24 பேரில் இரண்டு பேரை ஒப்பந்ததாரர் தன்னுடன் அடுத்த தளத்துக்கு அழைத்துக்கொண்டார். கல் திருப்பும் அம்மா அதில் ஒருவர். மற்றவர்களுக்கு வேலை செய்ததற்கான சான்றிதழ் கொடுத்தோம். கோவில் தாத்தா குடத்தைத் துலக்கி உள்ளே வைத்துவிட்டார்.

போன வருடம் அதே ஓடையின் இரண்டாம் கட்ட வேலைக்கு டெண்டர் புத்தகம் என் மேஜைக்கு வந்தது. புதிய அட்டை, புதிய எண். ஆளெடுக்கும் பக்கத்தைத் திருப்பினேன். பழைய அதே வரி, பழைய எழுத்துப் பிழையோடு. நீர்ப்பிடிப்பு வரைபடத்தையும், குலுக்கல் முறையையும், வரிசை எண் தாளையும் இணைத்து, ‘உள்ளூர் என்றால் எது?’ என்று விளக்கம் கேட்டு எழுதினேன். மூன்று நாளில் பதில் வந்தது: வேலை தொடங்கிய பின் கவுன்சிலர் அலுவலகத்தைத் தொடர்புகொள்ளவும்.